எட்டுக்கு ஒன்று கூட்டிய கட்டில்

முன்னோர் திருமுதுகுன்றம் என்று வழங்கியதும், இன்று பேருந்துகளின் நெற்றியில் விருத்தாசலம் என்று எழுதப்படுவதுமாகிய ஊரின்மீது மாசித் திங்களின் முற்பகல் வெயில், உலையினின்று எடுத்த செப்புத் தகட்டை விரித்தாற்போலப் பரந்து கிடந்தது. மணிமுத்தாறு, ஆறென்னும் பெயரை மட்டும் விடாது பற்றிக்கொண்டு, மணற்பரப்பினிடையே பழவேட்டியின் கரைபோல ஒரு வரி நீராய் ஒதுங்கி ஓடியது. பழமலைநாதர் கோயிற் கோபுரம் தன் நிழலைத் தன் காலடிக்குள்ளேயே மடித்து வைத்துக்கொள்ள, தொடர்வண்டிச் சந்திப்பில் சரக்குப் பெட்டிகள் ஒன்றையொன்று முட்டும் ஓசை அடங்கி அடங்கி எழ, முந்திரித் தோப்புகள் பூத்த மணம் வெக்கையோடு கலந்து தெருவெங்கும் நின்றது. ஊர்ப்புறத்தே தகரக் கூரை வேய்ந்து வரிசை வரிசையாய் அமைந்த பீங்கான் கூடங்களின் சூளைகள், உண்டு களைத்த விலங்குகள்போல வெம்மூச்சு விட்டுக்கொண்டிருந்தன. அம்மூச்சை நுகர்ந்து வளர்ந்தவர்க்கு அதில் அழகு தோன்றாது, இருமல்தான் தோன்றும். இதனைப் படிக்கும் நற்றமிழ் பயின்ற நண்பர் அழகை எதிர்பார்த்து வந்திருப்பின் சற்றே பொறுத்தருள வேண்டும். வேலை செய்வோர் ஊரில் அழகு, வேலை முடிந்த பின்னரே வரும். வந்தாலும் கால் கழுவிக்கொண்டுதான் வரும்.

அந்த முற்பகலில், கூடங்களை அடுத்த தெருவொன்றில், தன் வீட்டு வாயிலில் தகரப் பந்தலின்கீழ் நின்று தெருமுனையையே நோக்கிக்கொண்டிருந்தாள் நீலாவதி. அகவை நாற்பத்து மூன்று. நகக்கண்களில் எத்தனை கழுவினும் போகாத வெண்களியும், முழங்கையில் பழைய சூட்டுத் தழும்பும், யாரையும் நேர்பார்வையில் பார்க்கும் கண்களும் உடையவள். பீங்கான் கூடத்தில் இருபத்திரண்டு ஆண்டுகளாக அவள் செய்துவருவது முதலுரு. விளக்கோ, குதிரைப் பொம்மையோ, ஊறுகாய்ச் சாடியோ, எதுவாயினும் அவள் கையில் முதலில் உருப்பெற்று, அவ்வுருவின்மேல் சாந்து ஊற்றி அச்செடுத்து, அந்த அச்சிலிருந்தே ஆயிரக்கணக்கில் கலங்கள் பிறக்கும். வெண்களி ஒரு பொய்யன். ஈரத்தில் ஒன்பது விரலாய் நிற்பது சூளையை விட்டு வரும்போது எட்டு விரலாய்க் குறுகி நிற்கும். ஆகவே எட்டு விரல் விளக்கு வேண்டுவோர்க்கு ஒன்பது விரலில் முதலுருச் செய்தல் வேண்டும். எட்டுக்கு ஒன்று கூட்டுதல் என்பது அத்தொழிலின் முதற்பாடம். இருபத்திரண்டு ஆண்டுகள் கூட்டிக் கூட்டி, நீலாவதியின் கைக்கு அக்கணக்கு மூச்சு விடுதல்போல ஆகிவிட்டிருந்தது.

அன்று அவள் எதிர்நோக்கியது ஒரு கட்டிலை. மறுநாள் எதிர்நோக்கியது அக்கட்டிலுக்கு உரியவனை.

அவள் கணவன் திலீபன் தச்சன். தானே என்னும் புயல் இம்மாவட்டத்துப் பலாவையும் முந்திரியையும் வேரோடு புரட்டிப்போட்ட ஆண்டில், திட்டக்குடிப் பக்கத்து அவன் தந்தையின் கொல்லையோரத்தில், மலையடிவாரத்தில் பிறந்திருக்க வேண்டிய வேங்கை மரமொன்று எவ்வாறோ சமவெளிக்குத் தப்பி வந்து தனித்து நின்றிருந்ததே, அதுவும் சாய்ந்தது. வெட்டுவாயில் குருதிபோலச் செம்பிசின் வழிய வழிய அதை அறுத்து, பூச்சிக்கு இரையாகும் வெளிறிய புறமரத்தைச் செதுக்கி எறிந்து, பொன்னிறத்தில் கருவரி ஓடிய உள்மரத்தை மூன்றங்குலக் கனத்தில் பலகைகளாக்கி வீட்டின் பின்கொட்டகையில் அடுக்கினான் திலீபன். பலகைக்கும் பலகைக்கும் இடையே காற்றுப் புகக் குச்சிகள் வைத்தான். வெடித்துவிடாதிருக்க வெட்டுமுனைகளில், வேறொன்றும் கைக்கு எட்டாமையால், மனைவி கூடத்திலிருந்து கொண்டுவந்த வெண்களிக் குழம்பையே பூசினான்.

"அங்குலத்துக்கு ஒரு வருசம் காயணும் புள்ள. மூணு அங்குலம், மூணு வருசம். மாசத்துக்கு ஒருக்கா மேல இருக்கறத கீழ மாத்தி அடுக்கு. வெயிலு நேராப் படக்கூடாது. அதுக்குள்ள நான் வந்துடுவேன். நம்ம ரெண்டு பேருக்கும் ஒரு கட்டில் போடறேன் பாரு, நம்ம காலத்துக்கு அப்புறமும் நிக்கும்" என்று சொல்லி, வளைகுடாவுக்குப் புறப்பட்டுப் போனான். அப்போது மகள் துர்காவுக்கு வயது பத்து.

நீலாவதி மாற்றி அடுக்கினாள். திங்கள்தோறும், கூடத்திலிருந்து வந்து முதுகு முறிந்த மாலைகளிலும், கல்லைத் தூக்குவதுபோன்ற அப்பலகைகளைத் தோளில் ஏற்றி இறக்கினாள். வேங்கை எடைமிக்க மரம். நீர் வற்ற வற்றத் தன் எடையைத் துளித்துளியாய் விட்டுக்கொடுக்கும் மரம். முதலாண்டில் இருவர் சுமையாய் இருந்த பலகை, மூன்றாம் ஆண்டில் ஒருத்தி சுமையாயிற்று. எவ்வளவு உலர்ந்தது என்பதை வேறு கருவி கொண்டு அளக்க அவள் அறியாள், தோள் சொல்லிற்று. முனைகளிற் பூசிய வெண்களியோ, மரத்தின் சாறு ஊறி மஞ்சளாய் மாறிற்று. முதல் மழைக்காலத்தில் கூரை ஒழுகிப் பலகையில் வழிந்த நீர் கீழிருந்த சட்டியில் தேங்க, காலை வெயிலில் அந்நீர் மயிற்கழுத்துப்போல மின்னக் கண்டு அஞ்சி, கைபேசியில் கணவனை அழைத்தாள்.

"ஏங்க, மரத்துல என்னமோ விசம் ஊறுது போலருக்குதுங்க. தண்ணியெல்லாம் நீலமாத் தெரியுது."

மறுமுனையில் அவன் நெடுநேரம் சிரித்தான். "அடி பைத்தியமே, வேங்கைத் தண்ணி வெயில்ல அப்புடித்தான் மின்னும். சக்கர வியாதிக்காரங்க அந்தக் கட்டையில டம்ளரு கடைஞ்சு தண்ணி ஊத்தி வச்சுக் குடிக்கிறாங்க. உம் பேர அது ஒளிச்சு வச்சிருக்குது, அவ்ளோதான்."

அச்சொல்லை அவள் பல நாள் வைத்திருந்தாள். பணம் வந்தது, கூரை மாறியது, துர்கா வளர்ந்தாள். இருமுறை திலீபன் முப்பது முப்பது நாள் வந்து போனான். ஒருமுறை மகளின் மஞ்சள்நீராட்டு, மறுமுறை தந்தையின் இறப்பு. கட்டில் என்னும் பேச்செழும்போது "அடுத்த தடவ" என்றான். மூன்றாண்டில் உலர வேண்டிய மரம் பதினோராண்டு உலர்ந்தது. நாலாம் ஆண்டுக்குப் பின்னர் அதன் எடையில் மாற்றமே இல்லை. விட்டுக்கொடுக்க அதனிடம் இனி ஒன்றுமில்லை என்று நீலாவதியின் தோள் அறிந்தும், அவள் மாற்றி அடுக்குதலை நிறுத்தவில்லை. நிறுத்தினால் எதை ஒப்புக்கொண்டதாகும் என்பதை அவள் அறிவாள்.

கடந்த தைத்திங்களில் அழைப்பு வந்தது. "மாசியில வரேன். கான்ட்ராக்டு முடிஞ்சிடுச்சு. அப்புறம் பாத்துக்கலாம்."

அந்த 'அப்புறம்' அவள் நெஞ்சில் முள்ளாய்த் தங்கிற்று. துர்கா படித்து முடித்துக் கடலூரில் செவிலியாய் வேலைக்கும் சேர்ந்துவிட்டாள். வீட்டுக்கு இனிப் பெரிதாய் வேண்டியது ஒன்றுமில்லை. வேண்டியது ஒன்றே, அவன் இருத்தல். ஆயினும் 'இருந்துவிடுங்கள்' என்று அவள் சொல்லவில்லை. புறப்படுவோரைத் தடுத்துப் பேசுதல் ஆகாது என்பது அத்தெருவின் வழக்கு. கேளாமற் சொல்லுதல் இழிவு என்பது அவள் வழக்கு. சொல்லமாட்டாததைச் செய்து காட்டலாம் என்று துணிந்து, பலகைகளைத் தச்சர் கோதண்டபாணியின் பட்டறைக்கு அனுப்பினாள். ஒரு காலத்தில் திலீபனும் அவரும் ஒரே பட்டறையில் உளி பிடித்தவர்கள். அவன் வரும்போது, தாங்கள் படுப்பதற்கென்று அவனே சொல்லிப்போன கட்டில் அறைக்குள் ஆயத்தமாய் நிற்குமாயின், அது பேசாத வாயின் பேச்சாய் அமையும் அன்றோ? அறையை நூல்பிடித்து அளந்தாள், ஏழடி. ஆறரையடிக் கட்டில் அழகாய் அமையும் என்று எண்ணி, சீட்டில் அளவெழுதிக் கொடுத்தாள்.

தெருமுனையில் சுமையுந்து திரும்பியது. இருவர் இறங்கிக் கட்டிலை இழுக்க, அவர்கள் பின்னே தோளில் துண்டோடு கோதண்டபாணி இறங்கினார்.

"ஏம்மா நீலாவதி, எங்கிட்ட கட்டில் கேட்டியா, தேருக்கு அடிச்சட்டம் கேட்டியா?" என்றார். "எம் பட்டறையில இது ஒண்ணே ஆறு ஆளு எடத்த அடைச்சிக்கிச்சு. அந்த மரம் இருக்குதே மரம், அது மரமில்ல, மாமியா. இந்தப் பக்கமா இழைச்சா வழவழன்னு வருது, ஒரு சாண் தள்ளுனா எதிர்த்துக்கிட்டு நாரு நாரா நிக்குது. ரேகை முறுக்கிக்கிட்டுப் போவுது. நாளைக்கு நாலு தடவ இழைப்புளிய தீட்டுனேன். ஆணி அடிச்சா ஆணி வளையுது. எல்லாத்தையும் துளை போட்டு மர முளைதான் அடிச்சேன். அந்தத் தூளு மூக்குல ஏறி ரெண்டு நாளு தும்மலு. ஆனா ஒண்ணு சொல்றேன், கரையான் இதக் கும்புட்டுட்டுத்தான் போவும். வாசக்காலுக்கும் வண்டிக்கும் நம்ம ஆளுங்க இதத் தேடுனது சும்மா இல்ல."

கட்டில் உண்மையில் அழகாயிருந்தது. இழைத்து எண்ணெய் பூசிய சட்டங்களில் பொன்மஞ்சளும் கருங்கோடும் அடுத்தடுத்து ஓடி, அறுவடை முடிந்த வயலில் மாலைவெயில் சாய்ந்தாற்போலத் தோன்றிற்று. பிரித்துக் கொண்டுபோய் அறைக்குள் பூட்டலாம் என்று நெடுஞ்சட்டமொன்றைச் சுவரோரம் கிடத்தினர். சட்டத்தின் தலை ஒரு சுவரில் முட்ட, வால் வாயிற்படியைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டு நின்றது.

"என்ன மேஸ்திரி இது? அளவு தப்பிப் போச்சா?"

"அளவு ஏன் தப்புது? நீ எழுதிக் குடுத்த சீட்டு இந்தா இருக்குது. ஏழடி நாலு அங்குலத்துக்குக் கால் அங்குலம் கம்மி. அப்பவே கேட்டேன், இம்மாம் நீளம் எதுக்குன்னு. 'அவரு உசரம் ஒங்களுக்குத் தெரியாதா'ன்னு சிரிச்சுட்டுப் போன. சரி, திலீபன் அங்க போயி பனமரமா வளந்துட்டான் போலருக்குதுன்னு நெனச்சிக்கிட்டேன்."

ஓசை கேட்டு எதிர்வீட்டிலிருந்து வந்து நின்ற பூவாயி, நீலாவதியோடு அதே கூடத்தில் அச்சு வார்ப்பவள், சீட்டை வாங்கிப் பார்த்தாள். அறையைப் பார்த்தாள். விரல்விட்டு எண்ணினாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அடியே நீலா... எட்டுக்கு ஒண்ணு போட்டியாடி?"

நீலாவதி சீட்டை வாங்கித் தன் எழுத்தைத் தானே பார்த்தாள். ஆறரையடி, எட்டில் ஒரு பங்கு கூட்டினால் ஏழடி மூன்றே முக்காலங்குலம். நாலடி அகலமும் நாலரையாகியிருந்தது. கை தானே கூட்டியிருக்கிறது. கண் பார்த்தும் பாராதிருந்திருக்கிறது.

"நல்ல வேல போ! சூளையில வச்சு ஒரு சூடு காட்டுனா சரியாப் போயிடும்" என்று பூவாயி தரையில் உட்கார்ந்து சிரிக்க, சுமைதூக்கியவரும் சிரிக்க, நீலாவதியும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்களைத் துடைத்தாள். அச்சிரிப்பில் பாதி வேறொன்று என்பதைப் பூவாயி மட்டும் கண்டாள். களிமண் குறுகும், வேங்கை நீளவாட்டில் மயிரிழையும் குறுகாது. அன்றியும், பிழை கையினுடையதா, நெஞ்சினுடையதா என்று யார் சொல்ல வல்லார்? பதினோராண்டில் அறுபது நாளே கண்ட ஒருவனை நினைவால் அளப்பவர் யாவரும் சற்றே கூட்டித்தான் அளப்பர்.

"ஓரத்துல அறுத்துடலாமா மேஸ்திரி?"

"அறுத்தா நாக்குப் போயிடும். சட்டத்தோட முனை நாக்கு மாதிரி மெலிஞ்சு காலுத் துளையில போயி ஒக்காந்திருக்குது பாரு. எல்லாத்தையும் பிரிச்சு, அறுத்து, புதுசா நாக்கு எடுக்கணும். மகம் திருவிழா முடியாம எனக்குக் கை ஒழியாது. ஒம் புருசன்தான் வரானே, அவனும் தச்சன்தானே? இல்ல, அங்க போயி மறந்துட்டானா?"

கட்டில் வாயிற்பந்தலின் கீழேயே நிறுத்தப்பட்டது. போவோர் வருவோரெல்லாம் நின்று பார்த்தனர்.

மறுநாள் முற்பகலில் திலீபன் வந்து இறங்கினான். நினைவில் நின்றவனைவிட இறங்கியவன் சிறியவன். தோள் முன்வளைந்து, கன்னம் ஒட்டி, உப்புக்காற்றில் நின்ற இரும்புபோலத் தோல் கறுத்திருந்தது. மனைவியைப் பார்த்து, "நல்லாருக்கியா?" என்றான். பெட்டியைக் கீழே வைக்குமுன் கட்டிலைக் கண்டான். அருகே சென்று, சட்டத்தின்மேல் உள்ளங்கையை வைத்து, கருவரி ஓடும் வழியே மெல்ல மெல்ல இழுத்துக்கொண்டு போய், முனையிற் குனிந்து முகர்ந்தான். அந்தக் கை அத்தனை நேரம் மரத்தின்மேல் தங்குவதை நீலாவதி நின்று பார்த்தாள். மரத்தின்மேற் பொறாமை கொள்ளும் நிலை தனக்கு வந்ததை எண்ணி உதட்டைக் கடித்தாள்.

"நம்ம வேங்கையா? யாருக்கு இம்மாம் பெரிய கட்டில்?"

"ஒங்களுக்குத்தான்" என்று தொடங்கி, எட்டுக்கு ஒன்று கூட்டிய கதையைச் சொன்னாள். அவன் சிரித்தான், பழைய சிரிப்பு. பிறகு, "எனக்கா? இரும்புக் கட்டில்ல மேல் தட்டுல படுத்துப் பழகினவன் புள்ள நானு. பொரண்டா வுழுந்துடுவோம்னு பதினோரு வருசமாப் பொரளாமத் தூங்குறேன்" என்றான்.

உண்டபின் நண்பகலில் அவன் அக்கட்டிலின்மேல் பாய் விரித்துப் படுத்தான். அத்தனை பெரிய பரப்பில் ஓர் ஓரத்தை மட்டும் பற்றிக்கொண்டு, கைகளை மார்பில் மடித்து, பக்கத்தில் யாரோ இடம் கேட்பதுபோல ஒடுங்கி உறங்கினான். எஞ்சிய இடம் வெறிதாய்க் கிடந்தது. நீலாவதி நிலைப்படியில் அமர்ந்து அவ்வெற்றிடத்தையே பார்த்தாள். எழுந்து சென்று அதில் அமர நாலடி தொலைவு. தெரு பார்க்கும் என்னும் நாணமும், அவன் விருந்தினனாய்த் தோன்றுகிறான் என்னும் அச்சமும் அந்நாலடியைக் கடக்க விடவில்லை.

அடுத்த நாள் முதல் அவன் கட்டிலைப் பிரிக்கத் தொடங்கினான். பழைய கருவிப்பெட்டியைத் திறந்தபோது உளிகள் துருவேறிக் கிடந்தன. கல்லில் நீர்விட்டு அவற்றைத் தீட்டும்போது உளியின் சாய்வு கல்லில் படியாமல் வழுக்குவதை அவள் கண்டாள்.

"என்னாங்க, உளி வழுக்குது?"

"மறந்துபோச்சு புள்ள." உளியின் முனையைக் கட்டைவிரலில் வைத்துப் பார்த்தவாறே சொன்னான். "கார்பென்டருன்னுதான் விசா. போயிப் பாத்தா சென்ட்ரிங் வேல. பலகைய அடிச்சு நிறுத்தறது, காங்கிரீட்டு காஞ்சதும் பிரிச்சுப் போடறது. நான் பண்ணுனது எதுவுமே நிக்கக் கூடாது, அதான் வேலையே. அங்க நிக்கிற கட்டடமெல்லாம் எங் கையில பொறந்தது. நான் அடிச்ச பலகை ஒண்ணு கூட அங்க நிக்கல."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"ஒங்கிட்ட கட்டில் போடறேன்னு சொல்லிட்டுப் போனவன், அங்க போயி இதச் சொல்றதா?"

அதன்பின் பல நாள் இருவரும் அம்மரத்தோடு இருந்தனர். கூடத்தில் அரைநாள் ஓய்வு கேட்டு வந்து, அவன் அறுக்கும்போது அவள் மறுமுனையைப் பிடித்தாள். "அழுத்திப் புடி." "இப்புடியா?" "கொஞ்சம் ஒங் கிட்ட இழு. ஆங், அப்புடியே வை." வேறு பேச்சில்லை. வேங்கையின் முறுக்கிய நாரில் இழைப்புளி முதல்நாள் தடுக்கித் தடுக்கி விழுந்தது. மூன்றாம் நாள், எந்தப் பக்கம் எதிர்க்கிறதோ அந்தப் பக்கம் குறுக்காய்ச் சாய்த்து இழைக்கும் பழைய வழி கைக்குத் திரும்பியது. சுருள் சுருளாய்ப் பொற்சீவல் உதிர்ந்து இருவர் காலையும் மூடிற்று. அவன் முதுகு நிமிர்வதை அவள் கண்டாள். முள்ளெலும்பு ஒவ்வொன்றாய் எழுவதை எண்ணினாள். இக்கட்டில் முடியாதிருக்கட்டும் என்று வேண்டினாள், அல்லது முடிந்து அறைக்குள் நின்று அவனை நிறுத்திவிடட்டும் என்று வேண்டினாள். எதை வேண்டுவது என்றே அறியாதவளாய் இரண்டையும் மாற்றி மாற்றி வேண்டினாள்.

இடையிடையே அவனது கைபேசி ஒலிக்கும். மங்கலம்பேட்டையிலிருந்து, வளைகுடாவுக்கு ஆள் அனுப்புபவர். திலீபன் எழுந்து தெருவோரம் போய்ப் பேசுவான். "ரெண்டு வருசம்தானேங்க... பாக்கறேன்... சொல்றேன்" என்னும் சொற்கள் காற்றில் வந்து விழும். நீலாவதி கேளாதவள்போலச் சீவலைக் கூட்டுவாள்.

அவன் வந்த ஒன்பதாம் நாள், ஒரு காரிக்கிழமை, ஊர்வழக்கில் சனி. நெடுஞ்சட்டம் ஒன்று முடிந்து, குறுஞ்சட்டங்களும் முடிந்து, எஞ்சிய ஒரு சட்டத்தை இரு முக்காலிகளின்மேல் கிடத்தியிருந்தனர். இதை அறுத்து நாக்கெடுத்தால் மாலைக்குள் கட்டில் அறைக்குள் போய்விடும். அவன் மூலைமட்டம் வைத்துக் கோடிட்டான். அவள், வெட்டுப்பட்டு விழப்போகும் துண்டைக் கையில் ஏந்திப் பிடித்தாள். மரமறுக்கும் வாள் இறங்கிற்று. உள்மரத்தின் இறுக்கத்தில் அது முனகி முனகிப் பாதிவரை போனபோது, நீலாவதியின் வாய் திறந்தது.

"போவாதீங்க."

வாள் நின்றது.

"என்னா சொன்ன?"

"போவாதீங்கன்னு சொன்னேன். காதுல வுழலியா?" அவள் குரல் தெருவுக்குக் கேட்டது, அவள் பொருட்படுத்தவில்லை. "துர்கா சம்பாதிக்கிறா. எனக்குக் கை காலு நல்லாருக்குது. அங்க பிரிச்சுப் போடற பலகைய வேற எவனாச்சும் பிரிச்சுப் போடட்டும். நீங்க போவாதீங்க."

திலீபன் வாளின் பிடியை விட்டான். அது மரத்திலேயே குத்தி நின்று மெல்ல ஆடியது. அவன் சட்டத்தின்மேல் உட்கார்ந்து, சீவல் படிந்த தன் கால்களைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"நேத்தே பாஸ்போட்டக் குடுத்துட்டேன் நீலா. நீ வேலைக்குப் போயிருந்தப்ப மங்கலம்பேட்டைக்குப் போயி."

"ஏங்க குடுத்தீங்க?"

"நீ ஒண்ணுமே சொல்லலியே. வூடு நான் இல்லாமலே நல்லாத்தான் நடக்குது. உப்பு டப்பா எங்க இருக்குதுன்னு ஒன்னக் கேட்டுத்தான் எடுக்கறேன். எந்த நேரம் தண்ணி வரும், எந்தக் கதவு ஒட்டும், எதுவும் தெரியல. விருந்தாளி எம்மாம் நாளு இருக்கறது, சொல்லு?"

"நீங்க கேட்டீங்களா? இருக்கட்டுமா, போவட்டுமான்னு ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, கேட்டீங்களா?"

"கேட்டிருந்தா நீ என்னா சொல்லிருப்ப?"

நேர்பார்வை உடையவள் அவள்; தனக்குத் தானே பொய் சொல்லும் பழக்கமில்லை. கேட்டிருந்தால், நேற்றுவரை, "ஒங்க இஷ்டம்" என்றுதான் சொல்லியிருப்பாள். சொல்லிவிட்டுப் பின்கொட்டகைக்குப் போய்ப் பலகை அடுக்கியிருப்பாள். கண்ணீர் இறங்கி மூக்கோரம் நிற்க, முழங்கையால் துடைத்தாள். வேங்கைத் தூள் கன்னத்தில் மஞ்சளாய் ஒட்டிற்று.

"'ஒங்க இஷ்டம்'னு சொல்லிருப்பேன்" என்றாள். "இப்ப சொல்றேன். எனக்கு இஷ்டமில்ல."

திலீபன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். அப்பார்வை, கட்டிலைக் கண்ட நாளில் மரத்தின்மேல் சென்ற கையைப்போல, அவசரமின்றி, ஓரிடமும் விடாமல், அவள் நெற்றியிலிருந்து கன்னத்து மஞ்சள்வரை இறங்கிற்று.

"பாஸ்போட்டத் திங்கக்கெழமதான் மெட்ராசுக்கு அனுப்புவேன்னான்" என்று சொல்லிக்கொண்டே எழுந்தான். குழாயடியில் கைகால் கழுவினான். கொடியிற் கிடந்த சட்டையை மாட்டினான். பொத்தானை மேல்கீழாய்ப் போட்டுக்கொண்டு, அதையும் அறியாமல் படியிறங்கித் தெருவில் நின்று திரும்பினான்.

"போயிட்டு வரேன்."

இச்சொல்லை அவள் அவனிடம் மூன்று முறை கேட்டிருக்கிறாள். மூன்று முறையும் தொடர்வண்டி நிலையத்தில். மூன்று முறையும் அதற்கு விடை சொல்லத் தெரியாமல் தலையசைத்திருக்கிறாள். ஏனெனில் இந்நாட்டில் புறப்படுபவர் எவரும் 'போகிறேன்' என்று சொல்லுவதில்லை. 'வருகிறேன்' என்றே சொல்லுவர். அவ்வருகை எந்நாளில் என்று மட்டும் எவரும் கேட்பதில்லை.

"எத்தினி மணிக்கு?" என்று கேட்டாள் நீலாவதி.

அவன் புன்னகைத்தான். "நாலு மணி பஸ்ஸுக்கு. அவன் தகராறு பண்ணுனா அஞ்சு."

"சண்ட போட்டாவது வாங்கிக்கிட்டு வாங்க. தர மாட்டேன்னா எனக்கு போன் பண்ணுங்க, நான் வரேன்."

"நீ வந்தீன்னா அவன் அவனோட பாஸ்போட்டயும் சேத்துக் குடுத்துடுவான்" என்று சொல்லிவிட்டு, சேற்றில் நடப்பவன்போல அல்லாமல், பழைய தச்சனின் நெடிய அடிவைத்து நடந்து தெருமுனையில் மறைந்தான்.

அப்போது மணி பதினொன்று. பூவாயி தன் வாயிலில் நின்று எல்லாவற்றையும் பார்த்திருந்தும், பிறவிக்குணத்தை ஒருநாள் அடக்கிக்கொண்டு, ஒன்றும் கேளாமல் உள்ளே போனாள். நீலாவதி சோறு வடித்தாள், உண்ணவில்லை. சீவலைக் கூட்டினாள், கூட்டிய இடத்தையே மறுபடியும் கூட்டினாள். பன்னிரண்டு மணிக்குக் கைபேசியை எடுத்துப் பார்த்தாள், அழைப்பேதும் இல்லை. ஒரு மணிக்கும் பார்த்தாள். வெயில் பந்தலை விட்டு நகர்ந்து சுவரேறியது. பதினோராண்டைப் பல்லைக் கடித்துக் கடந்தவளுக்கு அந்த ஐந்து மணிப்பொழுது கடக்கலாகாத ஆறாய் விரிந்தது. இரண்டரைக்கே வாயிலைச் சாத்திவிட்டு, கன்னத்து மஞ்சளையும் கழுவ மறந்தவளாய், பேருந்து நிறுத்தத்திற்கு நடந்து, நிழலற்ற அவ்விடத்தில் முந்தானையைத் தலைக்கிட்டு, மங்கலம்பேட்டைச் சாலையை நோக்கி நின்றாள். திட்டக்குடி வண்டி வந்தது, சேத்தியாத்தோப்பு வண்டி வந்தது, அவள் வேண்டிய வண்டி வரவில்லை. வரும் நேரமும் ஆகவில்லை.

வருவான் என்று வாய்மூடிக் காத்திருத்தல் ஒன்று. வா என்று சொல்லிவிட்டுக் காத்திருத்தல் வேறொன்று. முன்னதில் ஆண்டுகள் ஓசையின்றிக் கழிந்துபோம். பின்னதில் ஒரு பிற்பகலும் கழிய மறுத்து நெஞ்சின்மேல் ஏறி நிற்கும். ஆயினும் உயிருள்ளோர் காத்திருக்கத் தக்கது பின்னதே என்பதை, சாலையின் கானல் நடுங்க நடுங்க, அதன் கடைக்கோடியில் எழும் ஒவ்வொரு தூசிப்படலத்தையும் பேருந்தென்று எண்ணி ஓரடி முன்வைத்து நின்ற அப்பெண், எவரும் சொல்லித்தராமலே அறிந்துகொண்டிருந்தாள்.